எட்டாவது ஆளின் பூட்ஸ்

1937ஆம் வருஷம் ஜூலையில் பாகூர் ஏரியில் எருமை படுத்தால் முதுகு நனையாது. இருந்த கொஞ்சம் தண்ணீரை முதலில் யாருக்கு விடுவது என்று மேல்மடைக்காரர்களும் கடைமடைக்காரர்களும் ஒரு மாதமாக அடித்துக்கொண்டார்கள். பஞ்சாயத்துக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மேர் நடேசன், பிரெஞ்சு ஆட்சியில் எங்கள் ஊர்த்தலைவர், ஒரு முடிவு சொன்னார். பதினாலாம் தேதி பிரெஞ்சுக்காரர்களின் குடியரசுத் திருநாள். அன்று வழக்கமாக நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியில் எந்தப் பக்கம் ஜெயிக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு முதல் தண்ணீர். பக்கத்துக்கு எட்டுப் பேர், மூன்று ஆட்டம்.

என் அக்கா கலியம்மாளுக்குக் கடைமடையில் ஒரு காணி நிலம். புருஷன் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவளுடைய நாற்றங்கால் மஞ்சள் தட்டிவிட்டது. பதினைந்து நாளில் தண்ணீர் வராவிட்டால் நாற்றைப் பிடுங்கி மாட்டுக்குத்தான் போட வேண்டும். அதனால்தான் யாரும் கூப்பிடாமலே அணியைப் பழக்குகிறேன் என்று நான் போய்த் தலையைக் கொடுத்தேன். நான் சாமிநாதன், பாகூர் பள்ளிக்கூடத்து வாத்தியார். பௌதிகம் படித்தவன் என்ற திமிரும் உண்டு.

கடைமடை அணிக்குத் தலைவர் அரங்கநாதன், பெரிய நிலக்காரர். அவருக்குத் தெரிந்த பயிற்சியெல்லாம் ஆளுக்கு நாலு முட்டை, புஜத்துக்கு நல்லெண்ணெய்.

"எவன் அதிகமா இழுக்கறானோ அவன் ஜெயிக்கப் போறான். இதுல இன்னா படிப்பு வாத்யாரே?" என்றார்.

"அதான் தப்புங்கறேன். கயித்துல ரெண்டு பக்கமும் இழுப்பு ஒண்ணுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு வில் தராசு கொண்டுபோய், கொக்கியோடு கொக்கி மாட்டி, ஒன்றை அரங்கநாதன் கையிலும் இன்னொன்றை உழவுக்காரன் மாரிமுத்து கையிலும் கொடுத்தேன். இழுத்தார்கள். இரண்டிலும் பதினாலு கிலோ. அரங்கநாதன் முகம் சிவக்க இன்னும் இழுத்தார். இரண்டிலும் பதினெட்டு.

"தராசு கெட்டுப்போச்சு," என்றார் அரங்கநாதன்.

"கெடலைங்க. நீங்க அவனை எவ்ளோ இழுக்கறீங்களோ, அவனும் உங்களை அவ்ளோதான் இழுக்கறான். அது விதி."

"ரெண்டும் ஒண்ணுதான்னா நாங்க எதுக்கு இழுக்கணும்? வூட்டுலயே குந்திக்கினு இருக்கலாமே," என்றான் மாரிமுத்து.

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பொறுமையாகத்தான் சொன்னேன். ஜெயிக்கவைப்பது கயிறு இல்லை, தரை. நீ காலால் தரையை எதிராளி பக்கம் உதைக்கிறாய். தரை உன்னை உன் பக்கம் தள்ளுகிறது. யாரைத் தரை அதிகம் தள்ளுகிறதோ அவன் ஜெயிப்பான். கால் வழுக்கினால் தரை தள்ளாது, போச்சு. கனமான ஆளுக்குத் தரையில் பிடிப்பு அதிகம். இவ்வளவுதான் பாடம்.

அதில் அவர்கள் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல், கனம். மறுநாள் போனால் எட்டுப் பேரும் மடியில் ஆளுக்கொரு படிக்கல் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்! அவிழ்க்கச் சொல்லிக் கத்தினேன். அடுத்த பத்து நாளும் கத்தினேன். காலைப் பார், தரையைப் பார் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

பதினாலாம் தேதி காலையில் எட்டாவது ஆள் பக்கிரி காய்ச்சலில் படுத்துவிட்டான். அரங்கநாதன் நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கனம் வேணும்னு சொன்னது நீங்கதானே? நம்ம பக்கத்துல எம்பத்தெட்டு கிலோவுக்கு உங்களை வுட்டா யாரு வாத்யாரே?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

மைதானத்தில் மூவர்ணக் கொடி, பந்தல், நாற்காலிகள். துரைமார் மேல் புழுதி படக்கூடாது என்று மேர் விடியற்காலையிலேயே குடம் குடமாகத் தண்ணீர் தெளிக்க வைத்திருந்தார். களிமண் தரை வெண்ணெயாக இருந்தது. பந்தலில் இரண்டாவது நாற்காலியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் துரை. நான் கோட்டை மட்டும் கழற்றிவிட்டு, கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டேன். மாரிமுத்து திரும்பிப் பார்த்தான்.

"வாத்யாரே, கால்ல..."

"தெரியும். முன்னாடி பார்த்து இழு."

விசில் ஊதியது. ஒரு மூச்சுக்கூட நிற்கவில்லை. மாடு இழுக்கிற பரம்புப் பலகை மாதிரி வழுக்கிக்கொண்டே போனேன். என் கனத்தையும் சேர்த்து அந்த ஏழு பேரும்தான் தாங்க வேண்டியிருந்தது. தோற்றோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எவன்டா காலை ஊணாதவன்? எத்தனை நாளா சொன்னேன்!" என்று கத்தினேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஏழு ஆள் நின்ற இடத்தில் விரல்கள் தோண்டிய குழிகள். எட்டாவது இடத்தில் இரண்டு நீளக் கோடு, பூசி மெழுகினதுபோல். என் பூட்ஸ் போட்ட கோடு.

அப்போதுதான் அவர்கள் கால்களைப் பார்த்தேன். ஏழு பேரும் வெறுங்கால். செருப்பு வைத்திருந்த அரங்கநாதன்கூட அதை ஓரமாகக் கழற்றிப் போட்டிருந்தார். நான் சொல்லித்தான் செய்தார்களா, சேற்றில் உழுகிறவர்களுக்குத் தானாகத் தெரிந்ததா, எனக்குத் தெரியாது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அக்கா வந்தாள்.

"டேய் சாமிநாதா, பத்து நாளா ஊரெல்லாம் காலு, தரைன்னு கத்துனியே, உன் கால்ல இன்னாடா அது?"

"இன்ஸ்பெக்டர் துரை பாக்கறாருக்கா. வாத்தியார் வெறுங்கால்ல நின்னா..."

"பாக்கட்டும். என் நாத்தையும் புடுங்கினு வந்து அவர் மடியில போடறேன், அதையும் பாக்கட்டும்."

குனிந்தேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது, அவளே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்தாள். இருபது வருஷமாக மண் படாத கால், வெளிறிப்போயிருந்தது. பந்தலில் யாரோ சிரித்தார்கள். விரலை அழுத்தினேன். சேறு விரலிடுக்கில் ஏறி, அடியில் இருந்த கெட்டி மண் குதிகாலை எதிர்த்துத் தள்ளியது. இத்தனை வருஷம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியது இதைத்தான் என்று அப்போது உறைத்தது.

இரண்டாவது ஆட்டம் ஜெயித்தோம். மூன்றாவதில் இரண்டு பக்கமும் அசையவில்லை; கயிறு முறுக்கேறிக் கிறீச்சிட்டது. கடைசியில் மேல்மடைக்காரன் ஒருவன் கால் இடறியது. அவ்வளவுதான், அவர்கள் எட்டுப் பேரும் எங்கள் பக்கம் சரிந்து வந்துவிட்டார்கள். முதல் தண்ணீர் கடைமடைக்கு.

அந்த வாரமே இன்ஸ்பெக்டரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பொது விழாவில் உத்தியோகத்துக்குப் பொருந்தாத கோலத்தில் நின்றேனாம். சட்டைப்பையில் அதை மடித்து வைத்துக்கொண்டு கடைமடை வரப்பு வழியே போனபோது அரங்கநாதன் எதிரே வந்தார்.

"வாத்யாரே, உங்க கைக்கு இன்னா பலம்! நீங்க அதிகமா இழுத்ததாலதான் ஜெயிச்சோம்," என்றார்.

வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் அக்காவின் நிலத்தில் தண்ணீர் பளபளத்தது.

"ஆமாங்க, கொஞ்சம் அதிகமாத்தான் இழுத்துட்டேன்," என்றேன்.

அக்கா கணுக்கால் சேற்றில் நாற்றுக்கட்டோடு நின்றிருந்தாள். "வரப்பு மேல நின்னு பாடம் எடுக்காத. எறங்கி வாடா, ஆள் பத்தலை," என்றாள். நான் வரப்பில் உட்கார்ந்து பூட்ஸின் முடிச்சை அவிழ்த்தேன்.