மேட்டில் மூழ்கிய கப்பல்

கடலிலிருந்து அரைநாள் நடைதூரத்தில், மேட்டின்மேல் நின்ற கடற்படைப் பயிற்சிப் பள்ளி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை உணவுக்குப் பிறகு மூழ்கியது. இரண்டு மாடிக் கட்டடம். பின்பக்கம் முதலில் தாழ்ந்தது, பிறகு முன்பக்கம். கடைசியில் புல்தரை அதன்மேல் மூடிக்கொண்டது. கடலில் இழந்த கப்பல்களின் பட்டியலில் கடற்படை அதையும் சேர்த்துக்கொண்டது.

அதே பெயரில் முன்பு உண்மையான போர்க்கப்பல் ஒன்று இருந்தது. போரில் அதன் வயிற்றில் குண்டு பாய்ந்தபோது, கொதிகலன் அறையில் இருந்தவர்கள் மேலே வருவதற்குள் கேப்டன் தன் கையாலேயே இரும்புக் கதவை மூடித் திருகினார். முதல் படகில் ஏறி உட்கார்ந்தவரிடம் சமையல்காரர் கேட்டார்: "ஐயா, கீழ யாராச்சும் இருக்காங்களா?" கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "எல்லாரும் வந்தாச்சு" என்றார். கதவு தட்டப்படும் சத்தம் படகுவரை கேட்டது. விசாரணைக்குப் பிறகு கேப்டனுக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். புதிதாகக் கட்டிய பயிற்சிப் பள்ளிக்குச் செத்த கப்பலின் பெயரை வைத்து அதையும் அவரிடமே கொடுத்தார்கள். சமையல்காரர் பல நாள் தொண்டைக்குள் வைத்திருந்ததை ஒருநாள், அந்தக் கதவுக்குப் பின்னால் செத்த கொதிகலன்காரனின் மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. பள்ளியில் துணி துவைக்க ஆள் வேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.

தரையில் நின்றாலும் அது கப்பல்தான் என்பது கடற்படை வழக்கம். தரையைத் தளம் என்றும் படிக்கட்டை ஏணி என்றும் சொல்ல வேண்டும். வாசலைத் தாண்டி சோப்பு வாங்கப் போகிறவன் 'கரைக்குப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். தபால்காரர் தினமும் "கப்பல் எப்பப்பா கிளம்புது?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். ஊரே சிரித்தது. கொதிகலன்காரனின் மனைவி சிரிக்கவில்லை. கப்பல் என்றால் மூழ்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அதனால் கேப்டனைவிட அவள் கறாராக இருந்தாள். "படிக்கட்டுல வழுக்கிட்டேன்க்கா" என்று அழுக்குச் சட்டையோடு வந்த பையனை வாசலிலேயே நிறுத்தினாள். "கப்பல்ல ஏதுடா படிக்கட்டு? ஏணின்னு சொல்லு, சட்டைய வாங்கிக்கிறேன்." "உனக்கு கேப்டனே தேவலக்கா" என்று முனகிவிட்டு அவன் ஏணி என்றான். ஆள் இல்லாத நேரத்தில் அவள் சுவர்களிடமும் பேசினாள். நீ கப்பல், நீ கப்பல் என்று ஈரத்துணியால் துடைத்தபடியே சொன்னாள்.

வருடங்கள் போயின. கட்டடம் நம்பத் தொடங்கியது. குழாயில் உப்புத் தண்ணீர் வந்தது. வெளிச்சுவரில் சிப்பிகள் ஒட்டின. காற்றே இல்லாத நாளிலும் விளக்குகள் ஆடின. புதிதாகச் சேர்ந்த பையன்கள் முதல் வாரம் முழுக்க வாந்தி எடுத்தார்கள். கேப்டனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா? ஒழுக்கம்னா இது" என்றார். சலவை அறை அடித்தளத்தில் இருந்தது. அதன் வாசலில், பையன்கள் மூடிப் பழகுவதற்காக, பழைய கப்பலில் இருந்து கழற்றி வந்த இரும்புக் கதவு ஒன்றைக் கேப்டன் பொருத்தியிருந்தார். கதவின் பூட்டுச் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவர் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்ததை, துணி பிழிந்தபடி அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் சலவைக் கல்லுக்கு அடியிலிருந்து தட்டும் சத்தம் வந்தது. இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அவள் புருஷன் மோதிரத்தால் கதவைத் தட்டுவது அப்படித்தான். அவள் குனிந்து, "இன்னும் கொஞ்சம் பொறு" என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தளம் சாய்ந்து தட்டுகள் உருண்டபோது, பையன்கள் வரிசை குலையாமல் புல்வெளிக்கு ஓடினார்கள். கேப்டன் எல்லோருக்கும் முன்னால் வாசலை அடைந்துவிட்டார். அங்கே நின்றுதான் மார்பைத் தடவிப் பார்த்து, கொதிகலன்காரனின் மனைவியிடம் கேட்டார்.

"என் கோட்டு எங்கம்மா? பதக்கம் குத்தியிருந்ததே!"

"கீழதாங்கய்யா இருக்கு. இஸ்திரி போட்டு மாட்டி வெச்சிருக்கேன்."

கணுக்கால் அளவுத் தண்ணீரில் அவர் சலவை அறைக்குள் இறங்கிப் போனார். அவள் பின்னாலேயே போய்க் கதவை மூடி, சக்கரத்தை அவர் சொல்லிக்கொடுத்த பக்கமே திருப்பினாள். பிறகு அவசரமில்லாமல் ஏணியில் ஏறிப் புல்வெளிக்கு வந்தாள். கூரை மட்டும் மிச்சமிருந்தபோது, இப்போது பள்ளியில் சமைத்துக்கொண்டிருந்த, நரைத்துப்போன அந்தப் பழைய சமையல்காரர் மூச்சிரைக்க அவளிடம் கேட்டார்: "உள்ள யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"எல்லாரும் வந்தாச்சு" என்றாள்.

சமையல்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார்.

இன்று அங்கே கொடிமரத்தின் நுனி மட்டும் புல்லுக்கு மேலே நிற்கிறது. அவள் அதில் கயிறு கட்டித் துணி உலர்த்துகிறாள். மோதிரத் தட்டு அன்றோடு நின்றுவிட்டது. இப்போது கேட்பது வேறு. தாளமில்லாமல், அவசர அவசரமாக, உள்ளங்கையால் அடிக்கிற சத்தம். தபால்காரர் நின்று கேட்டுவிட்டு, "இன்னிக்குக் கொஞ்சம் பலமா இருக்கே" என்பார். "வெயில் ஏறினா அடங்கிடும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த சட்டையை உதறுவாள்.