இரண்டு மணிக் காற்று

காற்று மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டினால் எங்கள் பக்கம் அறுவடை மெஷின் ஓடக்கூடாது; ஒரு பொறி போதும், வயலே பற்றிக்கொள்ளும். அளந்து நோட்டில் எழுதுவது நான். ஓட்டலாமா நிறுத்தலாமா என்று சொல்லிவந்தவன் தீயணைப்புக் குழுத் தலைவன் கிளெம். பதினெட்டு வருஷமாக அவனே தலைவனாக இருந்தான். எனக்கு அதில் ஒரே வயிற்றெரிச்சல், ஒளிப்பானேன்!

டிசம்பர் கோடையில் ஒரு நாள் இரண்டரை மணிக்கு மெஷினிலிருந்து பொறி பறந்து பக்கத்து வயல்காரி ரேலீனுடைய பார்லி முழுக்கக் கருகிப்போனது. ஊர்க் கூடத்தில் கூட்டம் போட்டோம்.

"அன்னைக்குக் காத்து எவ்வளவு? படி நெவில்," என்றாள் ரேலீன்.

"ஒரு மணிக்கு நாப்பத்தொண்ணு. மூணு மணிக்கு நாப்பத்திமூணு."

நடுவில் இரண்டு மணிக்கு எழுதிய வரியும் இருந்தது. இருபத்தாறு. அதை நான் போனில் சொல்லித்தான் கிளெம் ஓட்டச் சொன்னான். அந்த வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன். படித்த இரண்டும் நிஜம்தானே? பாவி, அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"நடுவுல இறங்குச்சேப்பா?" என்றான் கிளெம். "நீ போன் பண்ணினியே?"

"நோட்டுல இருக்கறதைத்தானே படிக்கிறேன், தலைவரே."

அவன் நோட்டை வாங்கிப் பார்த்திருக்கலாம். கையைக்கூட நீட்டவில்லை.

"நெவில் எழுதினா சரியாத்தான் இருக்கும்," என்றான். "எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் மறதி ஆரம்பிச்சுது."

அன்றே பதவியை விட்டான். கை தூக்கி என்னைத் தலைவனாக்கினார்கள். கிளெம்தான் முதலில் தூக்கினான். கூசிப்போனேன். ஆனாலும் பதவியை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த அறுவடைக்குள் அவன் மெஷின் ஓட்டுவதையே நிறுத்திவிட்டான். அவன் மனைவி லோர்னாதான் ஓட்டுகிறாள். "டாக்டர் ஒண்ணுமில்லேங்கறார். இவர் நம்ப மாட்டேங்கறார்," என்று கடையில் என்னிடமே கண்கலங்கினாள். எனக்குத் தூக்கம் போச்சு.

நேற்று மத்தியானம் கிளெம் போன் செய்தான்.

"லோர்னா மெஷின்ல காத்துக்கிட்டிருக்கா. காத்து எவ்வளவு நெவில்? இரு இரு, எழுதிக்கிறேன்."

"இருபத்தாறு. ஓட்டச் சொல்லு."

பென்சில் கீறும் சத்தம் கேட்டது.

"இருபத்தாறா? போன வருஷமும் நீ இதையேதான் சொன்ன மாதிரி இன்னும் தோணுதுடா. என்ன மூளையோ, போ!" என்று சிரித்தான்.

போன வருஷ நோட்டு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"வயசாகுதில்ல கிளெம்," என்றேன்.