ஒன்றரை மடங்கு

டைம்கீப்பருக்கு எதுவும் மெதுவாக நடந்தால் ஆகாது. பேருந்து நிலையத்தில் அவருடைய வேலையே அதுதான். கூண்டு மாதிரியான ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்த்து, விசில் ஊதி விரட்டுவார். வீட்டிலும் அப்படித்தான். ஒரு வாயை மென்று விழுங்குவதற்குள் அடுத்த வாய் கையில் தயாராக இருக்கும். அவர் மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். தேய்ப்பாள், விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பாள், மறுபடியும் தேய்ப்பாள். யார் என்ன நினைத்து இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்தார்களோ தெரியாது, பதினான்கு வருடமாக நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர்களுக்கு ஒரே மகள், பன்னிரண்டு வயது. கிட்டார் வாசிப்பாள். சொல்லிக்கொடுக்க யாரும் கிடையாது, எல்லாம் கேள்வி ஞானம். அப்பாவின் போனில் ஒரு பாட்டை நாலு தடவை கேட்டால் போதும், சாயங்காலத்துக்குள் அது விரலில் ஏறிவிடும். ஏறுவது மட்டுமா? பறக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளுக்கு 'மின்னல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டைம்கீப்பர் அவள் வாசிப்பதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார். "கை எங்கே போகுதுன்னே தெரியலை", "இது மனுஷக் குழந்தையா?" என்றெல்லாம் ஜனங்கள் எழுதினார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. கிளம்ப நின்ற வண்டியை நிறுத்திவைத்து டிரைவருக்குப் போனைக் காட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பணிக்காலத்தில் அவராலேயே தாமதமான வண்டி அது ஒன்றுதான்.

மனைவி மட்டும் ஒருநாள் சொன்னாள். "நல்லாத்தான் வாசிக்கிறா. ஆனா முடிஞ்சப்புறம் எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குதே."

"நிக்கிறதுக்கு அது என்ன வண்டியா?" என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் இளையோர் இசைக்குழுவிலிருந்து கடிதம் வந்தது. கிட்டாருக்கு ஒரே ஓர் இடம் காலி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு. குழுவின் நடத்துநர் தானே எழுதிய ஒரு மெட்டை வாசித்து, அப்பா அம்மா இருவரின் போனுக்கும் அனுப்பியிருந்தார். எல்லாரும் அதைத்தான் வாசித்துக்காட்ட வேண்டும்.

"நடத்துநர்னா நம்ம ஆளுதான் குட்டி, பயப்படாத. சில்லறை மட்டும் சரியாக் குடு," என்றார் டைம்கீப்பர்.

மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த இடம் வேண்டும். மூன்று வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே வாசிக்கிறாள். "கூட நாலு பேர் வாசிக்கணும்ப்பா. ஒருதடவையாவது," என்றாள். அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கே மெட்டு விரலுக்கு வந்துவிட்டது. டைம்கீப்பர் கைக்கடிகாரத்தைப் பிடித்துப் பார்த்தார். சரியாக இரண்டு நிமிடம், போனில் இருப்பதற்கு ஒரு விநாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இடம் கிடைத்த மாதிரிதான் என்று பேருந்து நிலையம் முழுக்கச் சொல்லிவைத்தார்.

சனிக்கிழமை காலை அவர் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே தன் போனில் எதையோ ஓட விட்டிருந்தாள். கிட்டார்தான். ஒவ்வொரு சுரமும் யோசித்து யோசித்து வந்தது.

"யாரு அந்தத் தூங்குமூஞ்சி?" என்று குரல் கொடுத்தார்.

"எந்தத் தூங்குமூஞ்சி? நம்ம பாப்பாவுக்கு அனுப்பின பாட்டுதானே இது. எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, தினம் போட்டுக் கேக்குறேன்."

டைம்கீப்பர் தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிடம். இரண்டு நிமிடத்தில் வர வேண்டியது மூன்று நிமிடத்தில் வந்திருக்கிறது! வண்டியாக இருந்தால் மெமோ கொடுத்திருப்பார். தன் போனை எடுத்துப் பார்த்தார். திரையின் மூலையில், கடுகளவு எழுத்தில், '1.5' என்று இருந்தது.

அது பாட்டு ஓடும் வேகம். செய்தியை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்டால் நேரம் மிச்சம் என்று ஒரு கண்டக்டர் சொல்லிக்கொடுத்து, மூன்று வருடத்துக்கு முன்பு வைத்தது. பிறகு அதை மாற்றவே இல்லை. செய்தி வாசிப்பவர்கள் எல்லாரும் தன்னைப்போலச் சுறுசுறுப்பானவர்கள் என்றே நாளடைவில் நினைத்துக்கொண்டுவிட்டார். மகள் கற்றுக்கொண்ட அத்தனை பாட்டும் அந்தப் போனிலிருந்துதான்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அரைமணி நேரம் யோசித்தார். அவர் எதையும் அரைமணி நேரம் யோசித்தது அதுதான் முதல் தடவை. தேர்வு நாளைக்கு. இன்று போய்ச் சொன்னால் பிள்ளை உடைந்துபோவாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே இருந்தது. வேகத்தை எடுத்துவிட்டால் அவளிடம் என்ன மிச்சம் இருக்கும்? ஒன்றுமே இல்லாவிட்டால்? தன் அவசரத்தைத்தான் இத்தனை நாளும் திறமை என்று பிள்ளையின் தலையில் கட்டினோமா?

கடைசியில் போய்ச் சொல்லிவிட்டார், தலையைக் குனிந்துகொண்டு.

மகள் கிட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். "அப்போ மத்தவங்க வாசிக்கிறதுதான் சரியான வேகமா? பஸ்ல, கடைல எல்லாம் அதே பாட்டு மெதுவா வரும். பாடுறவங்களுக்கு மூச்சு வாங்கணும்ல, அதான் நிறுத்தி நிறுத்திப் பாடுறாங்கன்னு நெனச்சேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு தன் போனைக் கொடுத்தாள்.

மகள் கிட்டாரைத் தொடவே இல்லை. கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு எட்டுத் தடவை கேட்டாள். எட்டாவது தடவை முடிந்ததும் எழுந்து உட்கார்ந்தாள். "நடுவுல இவ்ளோ எடம் இருக்காப்பா!"

வாசிக்க உட்கார்ந்தபோதுதான் வினை. விரல் முன்னால் ஓடிவிடும், மனசு பின்னால் நின்று கூப்பிடும். வேகமாகப் போகும்போது எதுவும் தெரியாது. மெதுவாகப் போனால் ஒவ்வொரு சுரமும் தனியாக நின்று முகத்தைக் காட்டுகிறது, லேசாகப் பிசிறினாலும் கேட்டுவிடுகிறது. மத்தியானத்துக்குள் இரண்டு தடவை அழுதுவிட்டாள்.

டைம்கீப்பரால் தாங்க முடியவில்லை. "பழைய மாதிரியே வாசிச்சுடு குட்டி. அசந்துபோயிடுவாங்க."

"இல்லப்பா. அது பாட்டச் சுருக்கி வெச்ச மாதிரி இருக்கு," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூடத்தின் கூடம். மடக்கு நாற்காலிகள், எட்டுப் பிள்ளைகள், பிள்ளைகளைவிட அதிகமாக வியர்த்த பெற்றோர்கள். நடத்துநர் நடுவயதுப் பெண்மணி, காதில் பென்சில் செருகியிருந்தார். மகள்தான் கடைசி. அவளுக்குச் சற்று முன்னால் ஒரு பையன் வாசித்தான். அதே மெட்டு, ஆனால் பட்டாசுக் கட்டைக் கொளுத்திப் போட்டதுபோல இருந்தது. கூடமே வாயைப் பிளந்தது. டைம்கீப்பர் மனைவியின் பக்கம் சாய்ந்து, "போச்சு," என்றார்.

"சும்மா இருங்க," என்றாள் அவள்.

"உன் வீடியோ பார்த்திருக்கேம்மா. மின்னல்தானே நீ? வாசி," என்றார் நடத்துநர்.

முதல் சுரம் கொஞ்சம் நடுங்கியது. இரண்டாவதை அவள் சரியாக ஊன்றி வைத்தாள். அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஒரு சுரத்தை வைத்துவிட்டு, அது அடங்கும் வரை கேட்டுவிட்டு, அடுத்ததுக்குப் போனாள். டைம்கீப்பருக்கு விசில் ஊதக் கை துறுதுறுத்தது. மெல்ல மெல்ல அந்தத் துறுதுறுப்பும் நின்றது. பாதியில் ஓர் இடத்தில் மெட்டு ஏறிப்போய் அப்படியே நிற்கும். அங்கே அவள் நின்றாள், அசையாமல், கை தந்தியின் மேலேயே இருந்தது. மறந்துவிட்டாளோ என்று அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு மெட்டு இறங்கி வந்தபோது, ஏன் என்று தெரியாமலே அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையிடம் மிச்சம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் எப்போதும் இருந்ததில்லை.

முடிந்ததும் நடத்துநர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "நடுவுல ஒரு எடத்துல நான் எழுதினதவிட ஜாஸ்தி நேரம் நின்னியே, ஏன்?"

"தப்புங்களா?"

"தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

மகள் கிட்டாரைக் கட்டிக்கொண்டு யோசித்தாள். "அங்க யாரோ வரப்போறாங்கன்னு தோணுச்சு. எங்கப்பா வேலைலேர்ந்து வர்ற வரைக்கும் நான் ஜன்னல்கிட்டயே நிப்பேன். தெருமுனைல தலை தெரிஞ்சதும் ஓடிப்போய், ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்துக்குவேன். அந்த மாதிரிதான் இருந்துச்சு."

நடத்துநர் தாளில் ஏதோ எழுதினார். பிறகு மகளிடம் சொன்னார்: "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ஒத்திகை. வயலின் ரெண்டு பேர், புல்லாங்குழல் ஒருத்தர், தாளத்துக்கு ஒருத்தர். எல்லாரும் உனக்காகக் காத்திருப்பாங்க."

மகள் திரும்பி அப்பா அம்மாவைப் பார்த்தாள். முகம் முழுக்கப் பல்.

டைம்கீப்பர் கையை ஆட்டினார். ஆனால் அவர் நினைப்பு வேறெங்கோ இருந்தது. அவருக்கு வேலை முடிவது ஐந்து மணிக்கு. நிலையத்திலிருந்து வீடு பத்து நிமிட நடை. அவர் வீடு சேர்வது ஆறரைக்கு. இடையில் தேநீர்க் கடை, டிரைவர்கள், அரட்டை, யார் வண்டி எங்கே பழுதாகி நின்றது என்ற பஞ்சாயத்து.

"தினமுமா நிக்கிறா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"தினமும்தான். அஞ்சு மணி ஆச்சுன்னா அங்கதான்."

"நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க எப்ப நின்னு கேட்டீங்க?" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

திங்கட்கிழமை ஐந்து பத்துக்கு அவர் தெருமுனையில் திரும்பியபோது ஜன்னலில் மகள் நின்றிருந்தாள், கையில் பாதி கடித்த ரொட்டியோடு, வேறு பக்கம் பராக்குப் பார்த்துக்கொண்டு. அவ்வளவு சீக்கிரம் அவரை அவள் எதிர்பார்க்கவில்லை. ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ள நேரமே இல்லாமல் அப்படியே மாட்டிக்கொண்டாள்.