பல் முளைக்கும் ஊர்

...கடைவாய்ப்பல் கணக்கு மட்டும் தப்பு, ஒரு தாடையில் இத்தனை பல் எங்கே இடம் பிடிக்கும், பேயாகவே இருந்தாலும் வாய் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் அளவு வேண்டாமா, ஆனால் சும்மா சொல்லக்கூடாது, இந்தப் படக்கதைப் புத்தகத்தை வரைந்த ஜப்பான் ஆள், ஆணோ பெண்ணோ, கோரைப்பல்லில் கெட்டிக்காரர், வேரின் வளைவைக்கூட விடவில்லை, ஈறு எங்கே தொடங்குகிறது, எங்கே வீங்குகிறது, எங்கே கிழிந்து தொங்குகிறது எல்லாம் கண்ணும் கருத்துமாகப் போட்டிருக்கிறார், நாள் முழுக்கப் பல் செட்டு செய்கிற எனக்கே இதில் இரண்டு விஷயம் கற்றுக்கொள்ள இருக்கிறது. அடுப்பில் பித்தளைப் பெட்டி வெந்நீருக்குள் கிடந்து முணுமுணுக்கிறது, உள்ளே யாரோ ஒரு ரிடையர்டு வாத்தியாரின் மேல் வரிசைப் பல் வெந்துகொண்டிருக்கிறது, தண்ணீர் தளதளவென்று கொதித்துவிட்டால் அந்த ரோஸ் நிற ஈறு முழுக்கக் குமிழ் விழுந்து பாழாகிவிடும், அதனால் யாராவது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும், உட்கார்ந்து பார்க்கிற நேரத்தில் மடியில் ஒரு புத்தகம் இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள், முதலாளி வெளியே போயிருக்கிறார். என் கையெல்லாம் பிளாஸ்டர் மாவு, தாளில் வெள்ளை ரேகை விழுந்துவிடக் கூடாதே என்று டிஷ்யூ பேப்பரால் பிடித்துப் பிடித்துப் புரட்டுகிறேன், குடல் சரிந்து கிடக்கிற ஒரு போலீஸ்காரரை இத்தனை மரியாதையாக யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள்.

மரியாதை புத்தகத்துக்கு இல்லை, கொடுத்தவளுக்கு. என் வீட்டுக்காரரின் மகள்... என் மகள் என்று சொல்லிப் பார்க்க ஆசைதான், தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. அவள் மட்டும் என்ன, என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை, சித்தி கிடையாது, ஆன்ட்டி கிடையாது, அம்மாவுக்கு வழியே இல்லை, அந்த இடம் ஹாலில் படமாக மாட்டியிருக்கிறது, தினமும் துடைப்பது நான்தான். 'கேக்குதா' என்பாள், 'இங்க பாருங்க' என்பாள், ரொம்ப அவசரமென்றால் 'ஹலோ', போனே இல்லாமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஹலோ. கெட்ட பெண் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதோ கதவை அறைவதோ கிடையாது, அப்படிச் செய்தாலாவது சண்டை போட்டுச் சமாதானம் ஆகலாம், இவளோ பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிற பயணி மாதிரி, கால் படாமல் ஒதுங்கி, நாசூக்காக... அப்படிப்பட்டவள் இன்று காலை நான் செருப்பு மாட்டும்போது ஓடி வந்து இந்தப் புத்தகத்தை நீட்டுகிறாள், 'சாப்பாட்டு நேரத்துல படிங்க. பயமா இருந்தா பாதியிலேயே வெச்சுடுங்க, பரவால்ல. எப்படி இருந்துச்சுன்னு சாயங்காலம் சொல்லுங்க.' அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷர், நடுவழியில் யார் மாட்டிக்கொண்டு அலறினாலும் பதறாதவர், அவரே டீயை உறிஞ்ச மறந்துவிட்டார், 'அந்தப் புத்தக அலமாரியை என்னையே தொட விட்டதில்ல, உன்கிட்ட கொடுத்துட்டாளா' என்று. அதனால் சாயங்காலம் நான் சொல்லப்போகிற அந்த ஒரு பதிலில்தான் எல்லாமே இருக்கிறது, நல்லா இருந்துச்சு என்று மொட்டையாகச் சொன்னால் படிக்கவில்லை என்று கண்டுபிடித்துவிடுவாள், சீ என்றால் அலமாரி எனக்கும் பூட்டிக்கொள்ளும்.

நல்லவேளை, நிஜமாகவே நன்றாக இருக்கிறது. எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷை, அவள்தான் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிறாள், எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது, அதனாலென்ன, படம் பேசுகிறதே. முன்னட்டையிலேயே விலையும் பார்கோடும் அச்சடித்திருந்தார்கள், என்ன நேர்மையான தேசம் என்று நினைத்துக்கொண்டேன். தொடக்கமே அமர்க்களம், ஊர் முழுக்கப் பல் முளைத்துக் கிடக்கிறது, சுவரில் பல், குழாயில் பல், படிக்கட்டு ஒவ்வொன்றிலும் கீழ்வரிசை மேல்வரிசை, மனிதர்கள் நார் நாராக, ஒரு கிழவருக்குத் தலை வேறு உடல் வேறு, போலீஸ்காரரின் தாடை தரையில் தனியாகக் கிடந்து சிரிக்கிறது. பொய் சொல்வானேன், மூடி வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், ஆனால் நாலு பக்கம் தாண்டினேனோ இல்லையோ, அங்கேதான் வருகிறாள் அந்த நீளக் கூந்தல்காரி, காதுவரை வாய், வாய்க்குள் வாய், பார்த்தால் சோறு இறங்காது, ஆனால் என்ன குணம் அவளுக்கு. அவள் வாயைத் திறந்து நின்றால் போதும், சுவரில் இருக்கிற பல்லெல்லாம் பிடுங்கிக்கொண்டு பறந்து வந்து அவள் வாய்க்குள் போய்விடுகிறது, சுவர் ஆறிவிடுகிறது, கிழவரின் தலை உருண்டு வந்து கழுத்தில் உட்காருகிறது, போலீஸ்காரர் சரிந்த குடலைக் கலைந்த போர்வை மாதிரி உள்ளே மடித்து வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார், தொப்பியைக்கூடத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்கிறார். எல்லாரும் அவளைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து போகிறார்கள், பெரியவர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று வளர்த்திருப்பார்கள் போல, அந்த அலங்கோலத்திலும் எத்தனை பணிவு... நான் இருக்கிற இடம் மறந்து சிரித்துவிட்டேன், சிரித்ததில் டிஷ்யூ பறந்து வெந்நீரில் விழுந்தது.

ஊரையே சொஸ்தம் செய்துவிட்டு அந்தக் கூந்தல்காரி ஒரு வீட்டுக்குப் போகிறாள், அங்கே ஓர் அம்மா, முகமே இல்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் பல் வயல், அதையும் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை எடுத்துக் கொடுத்து, மூக்கை எடுத்துக் கொடுத்து, கடைசியில் அழகான ஒரு முகம், அப்புறம் வாசலுக்குப் போய்த் தலைகுனிந்து நிற்கிறாள், ஒரு வார்த்தை நன்றி கேட்கவில்லை, அந்த வீட்டுச் சின்னப் பெண் கதவைச் சாத்துகிறது, கடைசிப் படத்தில் அம்மாவும் பெண்ணும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், சூப்பு ஆவி பறக்கிறது, ஜன்னலில் வெயில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேய்ப் புத்தகம் படித்து அழுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்... ஆனால் அழாமல் என்ன செய்வது, அவள் ஏன் இதை என்னிடம் கொடுத்தாள் என்று வெட்ட வெளிச்சமாகிவிட்டதே, அவளுக்கு ஆறிக்கொண்டு வருகிறது, அதை வாயால் சொல்லத் தெரியாமல் புத்தகமாகக் கொடுத்திருக்கிறாள், சாயங்காலம் போனதும் எதுவும் கேட்காமல் ஒரு தடவை அணைத்துக்கொள்ளலாமா, வேண்டாம், ஹலோ என்று கத்துவாள், தலையைத் தடவலாம், அதுவும் ஜாஸ்தி, பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சூப்பு படத்தைக் காட்டி, இது நல்லா இருக்கு என்று சொன்னால் போதும், மற்றதை அவள் புரிந்துகொள்வாள். மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நெருப்பைக் குறைத்தேன்.

அப்போதுதான் ஹெல்மெட் வந்தார், டாக்டர்கள் எடுத்த பல் அச்சுகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறவர், லேபுக்குள் வந்தும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார், அதனால் பெயரே அதுவாகிவிட்டது. கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு என் மடியை எட்டிப் பார்த்தார், 'அட, இது என் தங்கச்சிகிட்டயும் இருக்குக்கா, பயங்கரமா இருக்குமே' என்றார். பயங்கரமா, எங்கே, ஆரம்பத்துல கொஞ்சம் அப்படித்தான், போகப் போக எல்லாருக்கும் சரியாயிடுது, கடைசியில அம்மாவும் பொண்ணும் சாப்பிடறாங்க பாருங்க என்று நான் பெருமையாக நீட்டினேன், ஏதோ என் கல்யாண ஆல்பம் மாதிரி. ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் எப்படி ஆனது என்று தெரியவில்லை, விரலால் பக்கத்தின் மூலையைத் தொட்டார், 'அக்கா, இங்க பாருங்க, ஒண்ணுன்னு போட்டிருக்கு. இது முதல் பக்கம். ஜப்பான் புக்கு வலது பக்கத்துலேர்ந்து திறக்கணும்.' எனக்கு உறைக்கவே இல்லை. அப்ப அந்தப் பல்லெல்லாம்... 'முளைக்கும்.' போலீஸ்காரர்? 'செத்துடுவாருக்கா.' அந்த அம்மா? 'அவங்கதான் முதல்ல போறது' என்றவர், அச்சுப் பையை மேசையில் வைத்துவிட்டு, ஏதோ அவரே கொன்றுவிட்ட மாதிரி, 'மன்னிச்சுக்கங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பக்க எண் பார்க்கிற பழக்கம் எனக்கு எந்தப் புத்தகத்தில்தான் இருந்திருக்கிறது... சரி, வலது பக்கத்திலிருந்தே போவோம். அம்மாவும் பெண்ணும் சூப்பு சாப்பிடுகிறார்கள். பெல் அடிக்கிறது, சின்னப் பெண் ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறது, வாசலில் நீளக் கூந்தல்காரி, கையில் ஒரு பெட்டி, அந்தப் பெட்டியை முதல் தடவை நான் கவனிக்கவே இல்லையே, நானும் இப்படித்தானே ஒரு பெட்டியோடு அந்த வாசலில் நின்றேன், என்னுடையது நீலம், சக்கரம் ஒன்று சுற்றாது. உள்ளே வருகிறாள், அம்மாவின் முகத்தை எடுத்துக்கொள்கிறாள், அப்புறம் அந்த வீட்டில் தொட்டதிலெல்லாம் பல், அலமாரியில் பல், சின்னப் பெண்ணின் தலையணையில் பல்... ஓஹோ, அப்படியா சங்கதி, நான்தான் அந்தப் பேயா, ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிறவள் என்று பொருத்தமாகத் தேடிப் பிடித்திருக்கிறாயே தாயே, உன் தலையணை உறையை மாற்றுவது யார், உனக்கு மோர் பிடிக்காதென்று தனியாகத் தயிர் எடுத்து வைப்பது யார், கோபம் வந்தது, கோபத்துக்குப் பின்னாலேயே வெட்கம் வந்தது, தலையைத் தடவப் போனேனாம், ஒத்திகை வேறு. பயமா இருந்தா பாதியிலேயே வெச்சுடுங்க என்றாளே, அது புத்தகத்தைப் பற்றியா, வீட்டைப் பற்றியா? வீட்டுக்குப் போனதும் புத்தகத்தை அவள் கையில்கூடக் கொடுக்காமல் அலமாரிப் பக்கம் தள்ளிவிட்டுப் பேசாமல் படுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே போனில் அவள் செய்தி, 'எது வரைக்கும் வந்தீங்க?'

ரோஷத்தில் ஏதாவது அனுப்பித் தொலைத்திருப்பேன், என்னமோ விரல் உண்மையைத் தட்டிவிட்டது, தெரியாமல் இடது பக்கத்திலிருந்து படித்துவிட்டேன், என் கதையில் பல்லெல்லாம் திரும்பிப் போய்விட்டது, எல்லாரும் பிழைத்துவிட்டார்கள், கடைசியில் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று. அனுப்பிய பிறகுதான் அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்தேன், ஐயோ, அம்மா இல்லாத பெண்ணிடம் போய் இதை... அழிக்கப் பார்த்தேன், அதற்குள் பார்த்துவிட்டாள். வெந்நீர் முணுமுணுக்கிறது, வாத்தியார் பல் வேகிறது, நான் வேகிறேன். அப்புறம் போன் அடித்தது, என்னை அவள் போனில் கூப்பிட்டதே இல்லை, எதுவானாலும் அவரிடம் சொல்லி அவர் என்னிடம் சொல்வார். 'ஹலோ' என்றாள், இந்தத் தடவை அது பொருந்தியது. 'நானும் அப்படித்தான் படிப்பேன்' என்றாள். தெரியாமயா என்றேன். 'இல்ல, தெரிஞ்சேதான். இடது பக்கத்துலேர்ந்து. அப்பாவுக்குத் தெரியாது.' நெஞ்சு நிறைந்துவிட்டால் நான் எப்போதும் உளறுவேன், அந்தப் பொம்பளை பல்லைப் பிடுங்கற வேகத்துக்கு எங்க லேபுல வேலைக்கு வெச்சுக்கலாம், ஆனா முகத்தைப் பார்த்தா முதலாளி ஓடிடுவார் என்றேன். அவள் சிரித்தாள். அப்பாவோடு சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம், என் பேச்சுக்கு என்று ஒரு சிரிப்பு வந்தது இதுதான், நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள், எனக்கு அத்தனை சந்தோஷம், அடுப்பைக்கூட மறந்துவிட்டேன்.

சிரித்து முடித்துவிட்டு, 'அப்படிப் படிச்சா ஒண்ணுதான் கஷ்டமா இருக்கும்' என்றாள். என்ன என்றேன். 'எல்லாரையும் சரி பண்ணிட்டு அவங்க வெளிய போய் நிப்பாங்க இல்ல, பெட்டியோட. நான்தான்... அந்தப் பொண்ணுதான் கதவைச் சாத்தும். அவங்க எங்க போவாங்கன்னே காட்ட மாட்டாங்க. அங்க வந்தாலே பாவமா இருக்கும்.' வலது பக்கத்திலிருந்து வந்தால் கடிக்கிறேன், இடது பக்கத்திலிருந்து வந்தால் வாசலுக்கு வெளியே நிற்கிறேன், இதில் எதற்கு நான் சமாதானமாவது, ஆனால் அவளுக்குப் பாவமாக இருந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் இருந்திருக்கிறது, நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே யாரோ ஒருத்திக்காக அவளுக்குப் பாவமாக இருந்திருக்கிறது. 'சரி வெச்சுடறேன். இங்க பாருங்க, இன்னைக்கு சாவி போட்டுத் திறக்காதீங்க. பெல் அடிங்க, நான் வந்து திறக்கறேன்' என்றாள், ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். நெருப்பை அணைத்தேன், பித்தளைப் பெட்டி தானாகத்தான் ஆற வேண்டும், அவசரப்பட்டு எடுத்தால் பல் வளைந்துவிடும். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், கண்ணாடியில் பார்த்தால் நெற்றியில், கன்னத்தில் எல்லாம் பிளாஸ்டர் மாவு, பேய்தான், சந்தேகமே இல்லை, அதையும் கழுவினேன். பெல் அடிக்க வேண்டும், அவள் வந்து திறப்பாள், அதுவரைக்கும் சரி, முறை சொல்லி ஒன்றும் கூப்பிடவில்லை, பரவாயில்லை, ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து படிக்கப் போகிறோம் என்று கேட்கவே இல்லையே நான், பயமுறுத்தப் போகிறாளா, பயமுறுத்தச் சொல்கிறாளா, இல்லை புத்தகத்தில் சாத்திக்கொண்டே இருந்த அந்தக் கதவைச் சும்மா ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும் போலிருக்கிறதா... கதவு திறக்கும்போது பல் தெரியச் சிரிக்கலாமா, வாயை மூடிக்கொண்டு நிற்கலாமா என்று இதுவரை எந்த வீட்டு வாசலுக்காகவும் நான் யோசித்ததில்லை.