செவ்வாயும் வியாழனும்

குளியலறைக் கதவைத் தாழிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மருமகள் அந்த வெள்ளைச் சால்வையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். சாதாரணக் கசக்கல் இல்லை. முறுக்கிப் பிழிந்தாயிற்று, முழங்காலில் தேய்த்தாயிற்று, பந்தாகச் சுருட்டி அதன்மேல் ஏறி உட்கார்ந்தும் பார்த்தாயிற்று. எடுத்து உதறினால், மடிப்பு மட்டும் கோடு கிழித்தாற்போல அப்படியே நின்றது.

"உள்ளே என்னதான் பண்றே?" வெளியே நாத்தனார் கதவைத் தட்டினாள். "அம்மாவுக்குப் போர்த்தணும். சால்வை எங்கே?"

"அலசிட்டு இருக்கேன் அண்ணி."

"அலசறியா? ஈரத்தைப் போர்த்தினா அம்மாவுக்குச் சளி பிடிக்காதா?" என்றவள், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் ஓவென்று அழத் தொடங்கினாள். மருமகளுக்கும் கண் கலங்கியது. கசக்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

மாமியார் அன்று காலையில்தான் இறந்திருந்தாள். எழுந்து உட்கார்ந்தாள், ஜன்னலைத் திறக்கச் சொன்னாள், திறப்பதற்குள் போய்விட்டாள். எழுபத்தாறு வயது. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊராருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள். யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. ரகசியம் காப்பது அவளுக்குத் தொழில்.

சால்வை, பிரார்த்தனைக் கூடத்தில் போர்த்திக்கொள்வது. ஆயுள் முடிந்தால் அதையே போர்த்தித்தான் பெட்டியில் வைப்பார்கள். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் நாலு மணிக்கு மாமியார் அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவாள், ஏழு மணிக்குத் திரும்புவாள். பதினொரு வருஷமாக ஒரு வாரம் தவறியதில்லை. சால்வை அந்தப் பையைவிட்டு வெளியே வந்ததுமில்லை. ஏனென்றால் மாமியார் போனது கூடத்துக்கு அல்ல, கேரம் விளையாட.

இது உலகத்தில் நாலு பேருக்குத் தெரியும். கூட ஆடிய மூன்று பேர். நாலாவது ஆள் மருமகள்.

மருமகளுக்கு வீடு வீடாக மின்சார மீட்டர் கணக்கெடுக்கிற வேலை. அந்த வேலையாகப் போனால் எந்தக் கதவும் திறக்கும். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை சைக்கிள் கடையின் பின்னறைக்குள் நுழைந்தவள், தொங்குகிற பல்புக்குக் கீழே தன் மாமியார் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறி பார்ப்பதைக் கண்டாள். மாமியார் பதறவில்லை. காயைக் குழிக்குள் தள்ளிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"மீட்டர் கதவுக்குப் பின்னாடி இருக்கு" என்றாள்.

அன்றைக்கு இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தார்கள்.

"ஏன் அத்தை, சொல்லிட்டே போகலாமே?"

"பிரார்த்தனைக்குப் போறேன்னா உன் புருஷன் செருப்பை எடுத்துக் குடுக்கறான். கேரம் ஆடப் போறேன்னா காலை ஒடிப்பான்."

"சாமி கோவிச்சுக்காதா?"

"எதுக்குக் கோவிக்கணும்? அவர் பேரைச் சொல்லித்தானே கிளம்பறேன்! கூடத்துல தரையில உட்கார்ந்தா முட்டி வலியைத் தவிர ஒண்ணும் ஞாபகம் வரமாட்டேங்குது. இங்கே ஸ்டூல் போட்டிருக்கான். மனசு ஒரு இடத்துல நிக்குது."

தெருமுனை வந்ததும் மாமியார் நின்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போனப்புறம் அவன்கிட்ட நீ சொல்லிடணும். பெட்டியை மூடறதுக்குள்ளே. இருக்கறப்ப சொன்னா போகவிட மாட்டான். தெரியாமலே அனுப்பி வெச்சான்னு வை, அவன் வேற யாரோ ஒரு பொம்பளைக்கு அழுத மாதிரி ஆயிடும்."

"சரி அத்தை" என்று அன்றைக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. அப்போது மாமியார் நன்றாக நடந்துகொண்டிருந்தாள்.

நாலு மணிக்குப் பெட்டியை மூடுவதாக ஏற்பாடு. இப்போது மணி இரண்டு.

மருமகள் சால்வையோடு ஹாலுக்கு வந்தபோது, கணவன் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "மழைன்னு பார்க்க மாட்டாங்க சார், காய்ச்சல்னு பார்க்க மாட்டாங்க. செவ்வாய், வியாழன்னா கிளம்பிடுவாங்க. அப்படி ஒரு பக்தி!"

அவன் கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிற அதிகாரி. கிலோவுக்கு ஐந்து கிராம் குறைந்தாலும் பூட்டி சீல் வைக்கிறவன். அவன் கூடத்துப் பக்கம் போய்ப் பல வருஷம் ஆயிற்று. "அதான் அம்மா போறாங்களே, வீட்டுக்கு ஒருத்தர் போதும்" என்பான். அம்மா திரும்பி வரும்போது விரல்நுனியில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். கூடத்தில் கொடுக்கிற புனிதப் பொடி என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். பதவி உயர்வுப் பரீட்சைக்கு முந்தின நாள் அம்மாவின் முன்னால் நெற்றியை நீட்டிக்கொண்டு நின்றான். மாமியார் மருமகளைப் பார்த்தாள். மருமகள் சுவரைப் பார்த்தாள். கேரம் போர்டுப் பவுடர் நெற்றியில் ஏறியது. அவன் பாஸாகியும் தொலைத்தான். அதற்கப்புறம் பல்வலிக்குக்கூட அந்தப் பவுடர்தான்.

"என்னங்க, ஒரு நிமிஷம் உள்ளே வாங்களேன்" என்றாள் மருமகள்.

"இரு. பெட்டிக்காரர் நீளத்தை அரை அங்குலம் கூட்டிச் சொல்றார். அளந்து காட்டிட்டு வரேன்" என்று டேப்போடு போய்விட்டான்.

நாத்தனார் சால்வையை விரித்தாள். திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். "என்ன இது, ஓரத்துல நூல்கூடப் பிரியல?"

வாசலில் இருந்தபடியே கணவன் பதில் சொன்னான்: "அம்மா ஒரு பொருளை வெச்சுக்கற விதம் அப்படி அக்கா. நீ வாங்கின மறுநாளே கிழிக்கற ஆளு, உனக்கெங்கே தெரியும்!"

மருமகள் வாயைத் திறந்தாள், மூடினாள். அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் மூன்று தடவை திறந்து மூடினாள். ஒவ்வொரு தடவையும் அவன் இன்னொருவரிடம் அம்மாவின் பக்தியைச் சொல்லிக்கொண்டிருந்தான். காலையில் பதினொரு வருஷமாக இருந்த பக்தி, மூன்று மணிக்குள் இருபதாக வளர்ந்துவிட்டது.

மூன்றேகாலுக்குக் கூடத்துப் பெரியவர் வந்தார். அம்மாவைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று அவன்தான் போன் பண்ணி வரவழைத்திருந்தான். பெரியவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு தண்ணீர் வேண்டும் என்று சமையலறைக்குள் வந்தார்.

"தப்பா நினைக்காதேம்மா" என்றார் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு. "நான் பன்னெண்டு வருஷமா அங்கே இருக்கேன். செவ்வாய், வியாழன்னா வர்றது மொத்தம் ஒன்பது பேர். அதுல ஒருத்தர் தூங்கறதுக்குன்னே வர்றவர். இந்த அம்மா யாரு?"

ஆறு வருஷம் அடைத்து வைத்திருந்தது. புருஷனிடம் வராத வார்த்தை முன்பின் தெரியாத மனுஷரிடம் கொட்டிவிட்டது. அவர் முழுக்கக் கேட்டார்.

"கேரமா?"

"ஆமாங்கய்யா."

"நல்லா ஆடுவாங்களோ?"

"அவங்களை ஜெயிக்க ஆள் இல்லைன்னு சொல்வாங்க."

பெரியவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். "தெரியாதவங்களைப் பத்திப் பத்து நிமிஷம் பேசறது எனக்குப் பழக்கம்தான். ஆனா இது பொய்னு தெரிஞ்சப்புறம் அந்த முகத்துக்கு முன்னாடி நின்னு பேச நாக்கு வராது. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நான்தான் சொல்லணும். வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்ப சீக்கிரம். நாலு மணியாகப் போகுது."

அவள் வெளியே வந்தபோது வாசலில் மூன்று பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ரிட்டயர்டு தபால்காரர், நகக்கண்ணெல்லாம் கிரீஸ் அப்பின சைக்கிள் கடைக்காரர், வெள்ளைக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நர்ஸம்மா. நாத்தனார் எதிரே ஓடினாள்.

"நீங்க கூடத்துல அம்மாவோட இருக்கறவங்கதானே? வாங்க, வாங்க. முன்னாடி வந்து பிரார்த்தனைப் பாட்டு ஒண்ணு ஆரம்பிங்க."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"பாட்டா?" என்றார் தபால்காரர்.

"தொண்டை சரியில்லம்மா" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"மூணு பேருக்குமா?"

"பின்னறையில ஈரம் ஜாஸ்தி, அதான்" என்றாள் நர்ஸம்மா. தபால்காரர் அவள் காலை மிதித்தார்.

"எந்தப் பின்னறை?" என்றாள் நாத்தனார்.

சுவர்க் கடிகாரத்தில் நாலாக இன்னும் இருபது நிமிஷம். மருமகள் கணவனின் கையிலிருந்த டேப்பைப் பிடுங்கி மேஜைமேல் போட்டாள். கையைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"உங்கம்மா கூடத்துக்குப் போகலீங்க."

"இன்னைக்கு எப்படிப் போவாங்க?"

"என்னைக்குமே போகல."

மீட்டர் நம்பரை வாசிப்பதுபோல நிறுத்தாமல், ஏற்ற இறக்கமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பயம். அவன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினொரு வருஷம். வாரத்துக்கு ரெண்டு" என்றான் கடைசியில். "ஆயிரத்து நூத்துச் சொச்சம் பொய்."

"ம்."

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆறு வருஷமா."

"அறுநூத்துச் சொச்சம்."

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"அந்தப் பொடி?"

"போர்டுல போடற பவுடர்."

"நான் பாஸ் பண்ணினேனே?"

"படிச்சீங்க. பாஸ் பண்ணீங்க."

அவன் முகம் சிவந்தது. "என்கிட்ட எதுக்கு மறைக்கணும்? நான் என்ன ராட்சசனா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். தனக்கே ஆனாலும் ஐந்து கிராம் குறைத்துப் போடத் தெரியாத மனுஷன்.

"விட்டிருக்க மாட்டேன்" என்றான்.

"ம்."

"இந்த வயசுல என்ன ஆட்டம்னு கேட்டிருப்பேன்."

"ம்."

"அக்காகிட்டயும் சொல்லியிருப்பேன்."

"அவங்களுக்கு அதுதான் பெரிய பயம்."

உள்ளே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவன் திடீரென்று திரும்பினான். "அப்படின்னா இத்தனை வருஷமா நம்ம வீட்லேர்ந்து யாருமே போகலையா? நான் அம்மாவை நம்பித்தானே சும்மா இருந்தேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்த வீட்டில் சிரிக்கிறோமே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்தான், வேறு பக்கம் பார்த்தான்.

"என்மேல கோபமா?"

அவன் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. பெரியவர் தலையை நீட்டினார்.

"தம்பி, நான் என்ன பேசட்டும்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "பொய் சொல்லாதீங்கய்யா."

"சரி."

"உண்மையும் சொல்லாதீங்க. அக்கா இருக்காங்க."

பெரியவர் இரண்டையும் மனதில் வாங்கிக்கொண்டு தலையாட்டினார். "அப்ப பிரார்த்தனை மட்டும் பண்றேன்."

பண்ணினார். பத்து நிமிஷம் இல்லை, ரெண்டே நிமிஷம். "இந்த அம்மாவை எங்களுக்கு எவ்வளவு தெரியுமோ தெரியல. உமக்குத் தெரியும். நல்லபடியா வெச்சுக்கும்" என்று முடித்தார். "இவ்வளவுதானா?" என்று நாத்தனார் பக்கத்தில் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. மூடி வைப்பதற்கு முன்னால் கணவன் குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தான். காலையிலிருந்து பக்கத்திலேயே நின்றவன்தான். இப்போது ரொம்ப நேரம் பார்த்தான். பெட்டிக்காரர் இரண்டு தடவை கனைக்க வேண்டியிருந்தது.

தெருவில் பெட்டி வண்டிக்குப் பின்னால் இரண்டு கார்கள் நின்றன. முதல் காரில் நெருங்கிய சொந்தம், இரண்டாவதில் பெரியவரும் மற்றவர்களும் என்று நாத்தனார் காலையிலேயே பங்கு பிரித்து வைத்திருந்தாள். கணவன் முதல் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஓரமாக நின்ற மூன்று பேரையும் கூப்பிட்டான்.

"நீங்க இதுல ஏறுங்க."

"டேய், அது சொந்தக்காரங்களுக்குடா!"

"தெரியும் அக்கா."

"அப்ப நான்?"

"நீ பெரியவரோட வா. வழியெல்லாம் பிரார்த்தனை பண்ணிட்டு வரலாம்."

நர்ஸம்மா டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தபால்காரருக்கும் சைக்கிள் கடைக்காரருக்கும் நடுவில் அவன் தன்னைத் திணித்துக்கொண்டான். மருமகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நாத்தனாரோடு பின் காரில் ஏறினாள்.

முன் காரின் பின்கண்ணாடியில் மூன்று தலைகள் தெரிந்தன. தெரு முழுக்க மூன்றும் ஆடாமல் அசையாமல் போயின. மார்க்கெட் தாண்டியும் அப்படித்தான். மருமகள் மடியில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்னலில் பெட்டி வண்டி தாண்டிப் போய்விட, இவர்கள் இரண்டு காரும் சிவப்பில் மாட்டிக்கொண்டார்கள்.

நடுத்தலை இடது பக்கம் திரும்பியது. என்னவோ கேட்டது.

தபால்காரரின் கை மேலே வந்தது. கட்டைவிரலில் சுட்டுவிரலைக் கொக்கி போட்டு, காற்றில் ஒரு சுண்டு சுண்டியது. சைக்கிள் கடைக்காரர் அப்படியில்லை என்று வேகமாகத் தலையாட்டி, பக்கக் கண்ணாடியில் விரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டினார். நடுத்தலை வலது பக்கம் திரும்பியது. முன் சீட்டுக்கு மேலாக நர்ஸம்மாவின் இரண்டு கைகளும் எழும்பின. நடுத்தலை முன்னால் குனிந்தது.

"என்னடி பேசிட்டு வர்றாங்க அங்கே?" என்றாள் நாத்தனார்.

பச்சை விழுந்தது. முன் கார் நகரவில்லை. அதன் டிரைவரும் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். பின்னாலிருந்து ஒரு லாரி அலறியது. இவர்களுடைய டிரைவரின் கை ஹாரனுக்குப் போனது.

"அடிக்காதீங்க" என்றாள் மருமகள். "இருங்க, சொல்லி முடிக்கட்டும்."