ஒன்பதாம் நம்பர்

காலையிலிருந்து நாலாவது தடவையாக நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்விட்டு வந்தேன். ராஜபாளையம் ரோட்டில் ஒரு உரக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் இரண்டு மேஜை, இரண்டு லேப்டாப், நான், அர்ஷத், அவ்வளவுதான். கீழேயிருந்து ஏறிவரும் யூரியா வாடைக்கு மூக்கு என்றைக்கோ பழகிவிட்டது. பழகாமல் இருந்தது திரையில் தெரிந்த அந்தப் பட்டியல். ஒன்பதாம் நம்பர்: 3.12, சிரித்த முகம். 2.50, சிரித்த முகம். 3.31, சிரித்த முகம். எல்லாம் விடிவதற்கு முந்தைய மணி. பதினாறு நாளாக யாரோ ஒருவர் அந்த நேரத்தில் விழித்திருந்து, எங்கள் ஆப்பைத் திறந்து, தான் நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மனசு சரியில்லாதவர்களுக்காக எட்டு மாதமாக நாங்கள் செய்துவரும் ஆப் அது. திறந்ததும் ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்கும். கீழே ஐந்து முகங்கள், அழுவதிலிருந்து சிரிப்பது வரைக்கும். அர்ஷத் வரைந்தவை. அழுகிற முகத்தை ஒருவர் தொடர்ந்து நாலு நாள் தொட்டால், பேசுவதற்கு ஒரு ஆளின் எண்ணைக் கொடுக்கும். வெள்ளிக்கிழமை திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் அதைக் காட்டப் போகிறோம். அதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க ஊரில் தெரிந்தவர்கள் பன்னிரண்டு பேரைப் பிடித்திருந்தோம். பேர் தெரியக்கூடாது, நம்பர் மட்டும்தான். யாருக்கு எந்த நம்பர் என்கிற லிஸ்ட் அர்ஷத்திடம் மட்டும் இருந்தது. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவனும் அவன்தான்.

பன்னிரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அர்ஷத்துக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ எரிச்சல், அதுவும் என்மேலேயே. எங்கள் ஊரில் எப்படி இருக்கீங்க என்று கேட்டால் யாராவது நல்லா இல்லை என்று சொல்வார்களா? என் பெரியப்பா கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே, பார்க்க வந்தவர்களிடம் “நல்லாயிருக்கேன், நீங்க எப்படி இருக்கீக?” என்று விசாரித்த மனுஷன். அந்தக் கேள்வியை எழுதியவன் நான். குசலம் கேட்டிருக்கிறேன், குசலம் சொல்லிவிட்டார்கள்.

“ஏலே, இந்த ஒம்பதாம் நம்பர் யாரு?” என்றேன்.

அர்ஷத் திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. “பூக்கடை பாண்டியராஜன் அண்ணாச்சி. மூணு மணிக்கு எந்திரிச்சாத்தான மார்க்கெட்டுக்குப் போவ முடியும்? நீ எதுக்குலே சும்மா பொலம்புத?”

எனக்கு மூச்சு வந்தது. பூ வியாபாரி மூன்று மணிக்கு எழுந்திருக்காமல் யார் எழுந்திருப்பார்கள்? என் சந்தேகத்தை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

அம்மா பிச்சிப்பூ வாங்கி வரச் சொல்லியிருந்தாள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு பாண்டியராஜன் அண்ணாச்சி கடைக்குப் போனேன். ஈரச் சாக்கில் பூவைக் குவித்து வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பொட்டலம் கட்டும்போது, ஆப் எப்படி இருக்கிறது என்று கேட்டு வைத்தேன்.

“எந்த ஆப்புவே? ஒம்ம கூட்டாளி அர்ஷத் அன்னைக்கு வந்தான். என் ஃபோன வாங்கிப் பாத்தான். இதுல ஏறாது அண்ணாச்சின்னு சிரிச்சிட்டுப் போயிட்டான்.” சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பட்டன் ஃபோன். பின்மூடி கழன்று விழாமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

பூவை வாங்கிக்கொண்டு வெயிலில் நின்றேன். பைக்கில் சாவியைப் போட்டுவிட்டுத் திருகத் தோன்றவில்லை. வேறு யாராக இருந்தாலும் அர்ஷத், “சொல்ல மாட்டேன், போலே” என்றிருப்பான். இதற்கு முன்னால் இரண்டு தடவை அப்படித்தான் என் வாயை அடைத்திருக்கிறான். அவன் பொய் சொல்லி மறைக்கவேண்டிய ஆள் ஒருத்தன்தான். அண்ணாச்சியைச் சேர்க்க முடியவில்லை, பன்னிரண்டில் ஒன்று குறைந்தது, அந்த இடத்தில் தன்னைப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

சாயங்காலத்துக்குள் அவன் குடிக்கும் நாலு டீ ஞாபகம் வந்தது. மேஜையில் கவிழ்ந்து படுத்து, “சர்வர் டவுனு, எழுப்பாத” என்று சொல்வதற்கு நான் சிரித்தது ஞாபகம் வந்தது. கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டதற்கு லேப்டாப் வெளிச்சம் என்றான், நான் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுத்தேன். ஊரில் உள்ளவர்கள் மனசையெல்லாம் அளக்க வந்தவன், நாலடி தள்ளி உட்கார்ந்திருப்பவனைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன்.

“என்னலே, பூவோட வார? எனக்கா?” என்றான்.

நல்லாயிருக்கியாலே என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். கேட்டால் என்ன பதில் வரும் என்று பதினாறு நாளாகப் பார்த்தாகிவிட்டது. பூவை ஜன்னலில் வைத்துவிட்டு என் இடத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தேன். கேள்வியை அழித்தேன். ஐந்து முகங்களையும் எடுத்தேன். புதிதாக ஒரு வரி எழுதி, கீழே வெற்றுக் கட்டம் ஒன்று வைத்து, என் ஃபோனில் ஏற்றி, அவன் மேஜைப் பக்கம் நகர்த்தினேன்.

“மொதப் பக்கத்த மாத்திருக்கேன். டெஸ்ட் பண்ணு.”

“வெள்ளிக்கெழம காட்டணும். இப்பப் போயி மாத்துதியே, ஒனக்குக் கிறுக்கா?”

“பண்ணுலே.”

எடுத்துப் பார்த்தான். ‘ராத்திரி எத்தனை மணிக்கு முழிச்சீங்க?’ முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்சநேரம் அங்கேயே இருந்தது.

“அண்ணாச்சியப் பாத்தேன். பட்டன் ஃபோனு வச்சிருக்காவ” என்றேன்.

கீழே லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மூட்டை விழும்போதும் தரை லேசாக அதிர்ந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போகச் சொல்லி என் கால் துடித்தது. போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

கட்டத்தில் அவன் எதையும் அடிக்கவில்லை. ஃபோனைக் கீழே வைக்கவும் இல்லை. திரை மங்கியது. அணைவதற்குள் கட்டைவிரலால் தட்டி வெளிச்சம் வரவைத்தான். மறுபடி மங்கியது. மறுபடி தட்டினான்.