ஒற்றைச் செருப்பு

படுக்கப் போகும் முன் புருஷனுடைய செருப்பில் ஒன்றை எடுத்து ஒளித்து வைப்பது அவளுக்குப் பழக்கம். கல்யாணமான நாள் முதல் நடக்கிறது. அவன் பெயின்டர். விடிந்ததும் வாசலில் நின்று, "இன்னொண்ணு எங்கடி?" என்பான். அவள் எழுந்து எடுத்துக் கொடுப்பாள். அவளை எழுப்பாமல் அவன் படி இறங்க முடியாது. அதற்குத்தான் அத்தனை பாடும்.

சின்ன வயதில் ஒரு காலை அவள் கண் விழித்தபோது, வாசலில் அம்மாவின் செருப்பு இல்லை. போனவள் போனவள்தான். சித்தப்பா வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே ஒரு நாளும் அசந்து தூங்கியதில்லை. இதையெல்லாம் புருஷனிடம் சொன்னதில்லை. அவன் விளையாட்டு என்றே நினைத்திருந்தான். நேற்றுதான் சலித்துக்கொண்டான்: "இன்னொரு தடவை ஒளிச்சு வச்சே, புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கிட்டு அப்படியே போயிடுவேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. ஆனாலும் கை கேட்கவில்லை, ஒளித்து வைத்துவிட்டாள்.

இன்று இருட்டோடு, அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்திலிருந்து போன். ஆள் வரவில்லை, உடனே வா. அவன் குறட்டையில் கிடந்தான். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். முதல் விரிப்பைப் பிரித்தபோதுதான் உறைத்தது: செருப்பு சிலிண்டருக்குப் பின்னால் கிடக்கிறது. கூப்பிட்டுச் சொல்லலாமென்றால் அவன் போன் ரிப்பேர் கடையில்.

அப்புறம் இருப்புக்கொள்ளவில்லை. விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. எதிரெதிரே நின்று, ஒரே சீராக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். இவள் முனை சேரவே இல்லை.

எதிரே பிடித்திருந்த அக்கா கேட்டாள். "கால்ல வெந்நி ஊத்திக்கிட்ட மாதிரி நிக்கிற. துணி மடிக்கிறியா, வலை வீசுறியா?"

"அவரு போயிருப்பாரு அக்கா."

"வேலைக்குத்தானே?"

அவள் கண் வாசலுக்கும் கடிகாரத்துக்கும் அலைந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவனே வந்து நின்றான். காலில் அவளுடைய செருப்பு, விசேஷத்துக்குப் போடுகிற பூ வைத்த ஜோடி. குதிகால் பாதி தரையில்.

"பொருத்தமாத்தான் இருக்கு தம்பி," என்றாள் அக்கா.

"ஏணியில வழுக்குது அக்கா," என்றவன் இவள் பக்கம் திரும்பினான். "எங்க வச்சே?"

"சிலிண்டருக்குப் பின்னாடி," என்றாள். "முழிச்சப்ப நான் இல்லையே. என்ன நெனச்சீங்க?"

"நெனக்க என்ன இருக்கு? வேலைக்குப் போயிருப்பே. திரும்பிப் படுத்துட்டேன்."

"பயமா இல்ல?"

"எங்க வீட்ல ஏழு பேரு. முழிக்கும்போது பாதிப் பேரு இருக்க மாட்டாங்க. சோத்து நேரத்துக்கு டாண்ணு வந்துடுவாங்க. ஒருத்தர் வரலேன்னா மத்தவங்களுக்கு ஒரு கரண்டி கூட."

வெறும் வீட்டில் கண் விழித்து, திரும்பிப் படுக்கிற மனுஷனும் உண்டா? அவள் அவனையே பார்த்தாள். சொல்லாமல் படி இறங்கியது இன்று தான்தான் என்பது அப்போதுதான் பிடிபட்டது. அம்மா கதையை அங்கேயே, ஈரத்துணிக் கூடை பக்கத்தில் நின்று சொன்னாள். பாதியில் நின்று நின்று சொன்னாள்.

அவன் பூச்செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "இனிமே எழுப்பிட்டே போறேன்," என்றான். "செருப்பை மட்டும் விட்டுடு."

அன்று படுக்கும் முன் இரண்டையும் வாசலில் ஜோடியாக வைத்தாள். படுத்தாள். எழுந்து போய்ப் பார்த்தாள். மறுபடி படுத்தாள். மறுபடி போய், ஒன்றை மட்டும் காலால் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

ஒளிக்கவில்லை.